கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் இடம்

"லேப் போட எவ்வளவுண்ணா ஆகும்?"

கோலார் தங்கவயல் என்ற எங்கள் கே.ஜி.எஃப்.பில் சி.சி.என்.ஏ. என்ற நெட்வொர்க் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வரும்போதே யாராவது ஒரு விலையைக் காதில் போட்டு அனுப்பியிருப்பார்கள். மூன்று ரவுட்டர், மூன்று ஸ்விட்ச், சுருட்டிக் கட்டிய கேபிள்கள் எல்லாம் சேர்த்து ‘சி.சி.என்.ஏ. கிட்’ என்று பழைய சாமான் விற்பவர்கள் ஒரு மூட்டை வைத்திருக்கிறார்கள். அந்த மூட்டை இல்லாமல் படிக்கவே முடியாது என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் பரவியிருக்கிறது. அது தவறு. ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பணம் இருக்கிறவர் தவறாக வாங்கிவிட்டால் பாதகமில்லை. இங்கே பலருக்கு அந்த மூட்டையின் விலையும் தேர்வுக் கட்டணமும் ஒரே உண்டியலிலிருந்துதான் வரவேண்டும்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் வேலை நேரம் ரயில் நேரமாக மாறியது. ஷிப்ட் சங்கு நின்றது. மாரிகுப்பத்திலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் விடியுமுன் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், இரவு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினார், அப்பா செக்யூரிட்டி வேலைக்குப் போனார், மகன் அதே கட்டடத்துக்குள் சர்வர் அறைக்குப் போக விரும்புகிறான். அந்த அறையின் கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்றாகச் சான்றிதழ் இருக்கிறது. ஒரே சாவி என்று சொல்லமாட்டேன்.

அந்தச் சாவியின் விலையை முதலில் சொல்லிவிடுவோம். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வு, 200-301 என்ற எண்ணோடு, 2020 பிப்ரவரியில் வந்தது. 120 நிமிடம். கட்டணம் 300 டாலர், அதற்கு மேல் வரி. நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். தேறினால் மூன்று வருடம் செல்லும். பாடத்தில் ஆறு பகுதிகள்: அடிப்படை 20 சதவீதம், ஸ்விட்ச் சார்ந்த இணைப்பு 20, ஐ.பி. வழித்தடம் 25, ஐ.பி. சேவைகள் 10, பாதுகாப்பு 15, தானியங்கி நிர்வாகம் 10. முதல் மூன்றும் சேர்ந்து 65. மனப்பாடத்தில் நிற்காத பகுதிகளும் அந்த மூன்றுதான். கை பழகினால்தான் அவை வரும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். கனமான சீரியல் கேபிள்கள், அவற்றைச் செருகும் அட்டைகள், அவற்றுக்காகவே இரண்டு ரவுட்டர்கள். அவை ஃபிரேம் ரிலே, பி.பி.பி. போன்ற பழைய தொலைதூர இணைப்புகளைப் பழகுவதற்கானவை. இன்றைய பாடத்திட்டத்தில் அவை இல்லை. ரிப், ஈ.ஐ.ஜி.ஆர்.பி. இரண்டும்கூடப் போய்விட்டன. வழித்தட நெறிமுறைகளில் செய்து காட்ட வேண்டியதாக மிஞ்சியிருப்பது ஓ.எஸ்.பி.எஃப். ஒன்றே, அதுவும் ஒரே ஏரியாவுக்குள். விற்பவர் மேல் குற்றமில்லை, அவர் குடோனில் இருப்பதை விற்கிறார். வாங்குகிறவர்தான் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

சரி, லேப் என்பது என்ன? இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க ஒரு நல்ல உதாரணம் நம் காலடியிலேயே இருக்கிறது. 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். அவர்கள் ஏன் அவ்வளவு கீழே போனார்கள்? தரைமேல் விண்கதிர்களின் இரைச்சல் ஓய்வதே இல்லை. அவ்வளவு பாறை மேலே இருந்தால் அந்த இரைச்சல் அடங்கிவிடும், தேடுவது மட்டும் தெரியும். லேப்பின் இலக்கணமே இதுதான். கருவி இரண்டாவது. வெளி இரைச்சல் உள்ளே வராத, உள்ளே நடக்கும் விபரீதம் வெளியே போகாத ஓர் இடம் முதலில் வேண்டும். அந்த இடத்தில் வேண்டுமென்றே ஒன்றை உடைத்து, உடையும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இப்படிப் பார்த்தால் அந்த இடம் ஒரு பழைய லேப்டாப்புக்குள்ளும் இருக்கலாம். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் ஒரு கணக்குத் திறந்தால் போதும். 4 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியிலும் ஓடும். அது உண்மையான ரவுட்டர் அல்ல, ரவுட்டர்போல் நடிக்கிற நிரல். எழுதியவர்கள் எந்தக் கட்டளைகளைச் சேர்த்தார்களோ அவை மட்டும் வேலை செய்யும், மற்றதற்குக் கையை விரித்துவிடும். சி.சி.என்.ஏ. அளவுக்கு அந்த நடிப்பு தாராளமாகப் போதும்.

அதற்கு அடுத்த படி ஜி.என்.எஸ்.3, ஈ.வி.ஈ.-என்.ஜி. போன்றவை. இவை நடிப்பதில்லை. ரவுட்டரின் உண்மையான மென்பொருளையே உங்கள் கணினிக்குள் ஓடவிடுகின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்த மென்பொருளுக்கு உரிமம் வேண்டும். பென் டிரைவில் கைமாறி வரும் கோப்புகள் உரிமம் இல்லாதவை, அவற்றுக்குள் வேறு என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நேர்வழியாகப் போகவேண்டுமென்றால் சிஸ்கோவே மாடலிங் லேப்ஸ் என்ற தன் மென்பொருளில் ஐந்து கருவிகள் வரை இலவசமாக ஓடவிடும் பதிப்பைத் தருகிறது. அதற்கு நினைவகம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இன்னொரு வழி லினக்ஸும் எஃப்.ஆர்.ரவுட்டிங்கும். திறந்த மூல மென்பொருள், முற்றிலும் இலவசம், கட்டளைகள் சிஸ்கோவின் சாயலில் இருக்கும். தேர்வைத் தாண்டி இந்தத் தொழிலில் இருக்கப் போகிறவர் என்றைக்காவது இதைத் தொட்டே தீருவார்.

மூன்றாவதுதான் இரும்புப் பெட்டி, அதாவது உண்மையான ரவுட்டரும் ஸ்விட்சும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒரு மாலையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு.

மூன்று அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டுமென்றால் நம் பழைய சுரங்கங்களின் பெயரையே வைக்கலாம்: சாம்பியன் ரீஃப்பில் 100 கணினி, நந்திதுர்க்கில் 50, மைசூர் மைன்ஸில் 25. மூன்றையும் முக்கோணமாக இணைக்க மூன்று இணைப்புகள். கையில் இருப்பது 192.168.10.0/24 என்ற ஒரே முகவரித் தொகுதி, 256 எண்கள். எப்படிப் பங்கு போடுவது?

பெரிய பங்கை முதலில் வெட்டவேண்டும். சொத்துப் பிரிப்பதுபோல் சமமாக வெட்டினால் சாம்பியன் ரீஃப்புக்குப் போதாது. 100 கணினிக்கு 128 எண்கள் கொண்ட /25 வேண்டும். முதல் எண் தொகுதியின் பெயருக்கும் கடைசி எண் எல்லாரையும் ஒருசேரக் கூப்பிடவும் போக, 126 மிஞ்சும். அது 0 முதல் 127 வரை. நந்திதுர்க்குக்கு 64 கொண்ட /26, 128 முதல் 191 வரை, பயனுக்கு 62. மைசூர் மைன்ஸுக்கு 32 கொண்ட /27, 192 முதல் 223 வரை, பயனுக்கு 30. ரவுட்டர்களுக்கு இடையிலான மூன்று இணைப்புக்கும் நான்கு நான்கு எண்களாக /30: 224, 228, 232-ல் தொடங்கி. எல்லாம் போக 236 முதல் 255 வரை இருபது எண்கள் கையில் மிஞ்சும்.

இதற்குக் கணினியே வேண்டாம். மாரிகுப்பம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு நோட்டும் பேனாவும் போதும். எண்களை மாற்றி மாற்றி ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் ஐந்தும் முடிந்துவிடும். தேர்வில் பலர் நேரத்தைத் தொலைப்பது இந்தக் கணக்கில்தான். இரவு வீட்டுக்கு வந்து அதே கணக்கைப் பாக்கெட் டிரேசரில் கட்டுங்கள். மூன்று ரவுட்டருக்கும் முகவரி கொடுங்கள், ஓ.எஸ்.பி.எஃப். ஏற்றுங்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிங் அனுப்புங்கள். பதில் வரும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிங் வந்துவிட்டது, படம் பிடித்துக்கொண்டாயிற்று, அடுத்த பாடம். லேப் இனிமேல்தான் தொடங்குகிறது.

சாம்பியன் ரீஃப்புக்கும் நந்திதுர்க்குக்கும் நடுவே உள்ள கேபிளை அறுத்துப் பாருங்கள். ஓரிரு பிங் தவறும், பிறகு பதில் வரும். போக்குவரத்து மைசூர் மைன்ஸ் வழியாகச் சுற்றிப் போகிறது. தன் வாயிலில் இணைப்பு செத்துவிட்டது என்று ரவுட்டருக்கு உடனே தெரிந்துவிட்டது, அதனால் உடனே மாறிக்கொண்டது. இப்போது அந்த இரண்டு ரவுட்டருக்கும் நடுவே இரண்டு ஸ்விட்சுகளை வையுங்கள். ரவுட்டர், ஸ்விட்ச், ஸ்விட்ச், ரவுட்டர் என்று வரிசையாக. ரவுட்டரைத் தொடாதீர்கள், இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே உள்ள கேபிளை மட்டும் பிடுங்குங்கள். இந்த முறை பிங் தவறுகிறது, தவறிக்கொண்டே இருக்கிறது. பத்து, இருபது, முப்பது விநாடி. ஏதோ தப்பாகக் கட்டிவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் பதில் திரும்பி வரும்.

ஏன்? ரவுட்டருக்கும் அதன் பக்கத்து ஸ்விட்சுக்கும் இடையே உள்ள கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு பச்சையாக எரிகிறது. நடுவில் அறுந்தது ரவுட்டருக்குத் தெரிய வழியில்லை. ஓ.எஸ்.பி.எஃப். பத்து விநாடிக்கு ஒரு முறை அண்டை ரவுட்டருக்கு ஒரு ‘ஹலோ’ சொல்லும். நாற்பது விநாடி வரை மறுபக்கத்திலிருந்து ஹலோ எதுவும் வராவிட்டால்தான் ‘ஆள் போய்விட்டார்’ என்று முடிவு கட்டும். கடைசி ஹலோ எப்போது வந்தது என்பதைப் பொறுத்து, உங்கள் காத்திருப்பு முப்பதிலிருந்து நாற்பது விநாடிக்குள் இருக்கும். புத்தகத்தில் இது ஒரு வரி: ஹலோ 10, டெட் 40. அந்த வரியைப் படித்தவருக்கும் அந்த நாற்பது விநாடியை உட்கார்ந்து எண்ணியவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாமவரிடம் யாராவது "லிங்க் அப்பில்தான் இருக்கிறது, ஆனால் டிராஃபிக் போகவில்லை" என்று சொன்னால், அவர் கண் நேராக நடுவில் உள்ள ஸ்விட்சுக்குப் போகும்.

இன்னொரு சோதனை, இதற்கு நேர் எதிரானது. இரண்டு ஸ்விட்சுகளை இரண்டு கேபிளால் இணையுங்கள். ஒன்று போனாலும் ஒன்று இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான். சுரங்கத்துக்கு இரண்டு வெளிவாசல் வேண்டும் என்று சட்டமே இருப்பது நமக்குத் தெரியும். ஆனால் சுரங்கத்தில் வழிகள் பெருகும்போது காற்றுக்கு ஒரு பிரச்சினை வரும். உள்ளே இறங்கும் நல்ல காற்று, குறுக்கு வழி திறந்திருந்தால், வேலை நடக்கும் முகப்புவரை போகாமல் அப்படியே திரும்பி மேலேறிவிடும். அதனால்தான் குறுக்கு வழிகளில் கதவு போட்டு மூடிவைப்பார்கள். வழி இருக்கும், கதவு சாத்தியிருக்கும், தேவைப்பட்டால் திறக்கும். ஸ்விட்சுகளில் அந்தக் கதவின் பெயர் ஸ்பேனிங் ட்ரீ. 1985-ல் டி.ஈ.சி. நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மன் உருவாக்கியது. இரண்டு கேபிளில் ஒன்றைத் தானே சாத்திவைக்கும். முதல் கேபிள் செத்தால் அதைத் திறக்கும்.

சாத்தாவிட்டால் என்ன ஆகும்? ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி எதுவும் இல்லை. எல்லாருக்குமாக அனுப்பிய ஒரு ஃபிரேம் வட்டத்துக்குள் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும்போதே பெருகும், சில விநாடிகளில் எந்த உண்மையான போக்குவரத்துக்கும் இடமில்லாமல் போகும். 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க் ஸ்பேனிங் ட்ரீ சிக்கலால் சுமார் நான்கு நாள் முடங்கியது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பி, ஆட்களைக் கொண்டு சீட்டுகளை ஓடவிட்டுச் சமாளித்தார்கள். உங்கள் லேப்பில் இதைச் செய்து பார்க்க ஒரு கட்டளை போதும்: இரண்டு ஸ்விட்சிலும் ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிட்டு ஒரு பிங் அனுப்புங்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த இடத்தில்தான் இரும்புப் பெட்டிக்கு ஒரு நியாயம் பிறக்கிறது. திரையில் வட்டம் விழுவதைப் பார்ப்பது ஒன்று. மேசைமேல் இருக்கும் ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் வெறிபிடித்ததுபோல் மின்னுவதைப் பார்ப்பது வேறு. அதை ஒரு முறை பார்த்தவர் பிறகு எந்த அலுவலகத்திலும் அந்த மின்னலைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்வார். அதேபோல் கேபிளைச் செருகியதும் விளக்கு அரை நிமிடம் ஆரஞ்சு நிறத்தில் நிற்பது. போர்ட் பழுது என்று பயந்து வேறு போர்ட்டுக்கு மாற்றி, அதிலும் அரை நிமிடம் காத்து, மறுபடி மாற்றி அலைகிறவர்கள் உண்டு. வட்டம் இருக்கிறதா என்று ஸ்பேனிங் ட்ரீ பதினைந்து பதினைந்து விநாடியாக இரண்டு கட்டம் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும்.

ஆகவே இரும்பு வேண்டுமென்றால் பழைய ஸ்விட்ச் இரண்டு வாங்குங்கள், 2960 வகையில். ரவுட்டர்களை லேப்டாப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். எட்டு போர்ட் மாடல் கிடைத்தால் விடாதீர்கள், அதில் விசிறி கிடையாது. இருபத்துநாலு போர்ட் பெட்டி ரேக்கில் இருக்கப் பிறந்தது. சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் ஒற்றை அறையில், பக்கத்தில் யாராவது தூங்கும்போது அதன் இரைச்சல் தாங்காது. அதோடு ஒரு கன்சோல் கேபிள், அதை யு.எஸ்.பி.யில் செருக ஓர் இணைப்பான். கன்சோல் வேகம் 9600. வேகம் தவறாக இருந்தால் திரையில் கிறுக்கலாக எழுத்துகள் வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள், எண்ணை மாற்றிப் பாருங்கள்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடலாம். முப்பது வாட் இழுக்கும் ஒரு ஸ்விட்சைத் தினம் நாலு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 3.6 யூனிட். சர்வர் வேண்டும் என்று ஆசைப்பட்டு 150 வாட் இழுக்கும் பழைய ரேக் சர்வர் ஒன்றை வாங்கி இரவு பகலாக ஓடவிட்டால் 108 யூனிட். சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் பெங்களூருக்கு முன்பே மின்சாரம் வாங்கிய ஊர் என்பது பெருமைதான், பில்லுக்கு அந்தப் பெருமை உதவாது.

பழைய பெட்டியில் வேறொரு வம்பும் உண்டு, எனக்கு நேர்ந்தது. புதிதாகக் கட்டமைத்த ஸ்விட்சில் நாலு வி.லேன் போட்டு, பழைய சாமான் கடையில் வாங்கிய இன்னொரு ஸ்விட்சை டிரங்க் இணைப்பில் செருகினேன். அடுத்த நிமிடம் என் நாலு வி.லேன்களும் காணோம். அந்த இடத்தில் ‘அக்கவுண்ட்ஸ்’, ‘சி.சி.டி.வி.’ என்று யாரோ ஒருவருடைய அலுவலகம் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அந்தப் பெட்டியை அழித்துவிட்டுத்தான் செருகினேன், சத்தியமாக. ஆனால் தொடக்கக் கான்ஃபிகை அழித்தால் வி.லேன் பட்டியல் அழியாது. அது தனிக் கோப்பில் இருக்கிறது, அதையும் தனியாக அழிக்கவேண்டும். வி.டி.பி. என்ற நெறிமுறை, யாருடைய பட்டியலின் திருத்த எண் பெரியதோ அதையே சரியானது என்று எடுத்துக்கொள்கிறது. பழைய பெட்டியில் வருடக்கணக்கில் திருத்தம் நடந்திருக்கிறது, என்னுடையது பிறந்தே ஒரு மணி நேரம். வி.டி.பி. இன்றைய தேர்வுத் தலைப்புகளில் இல்லை. ஆனாலும் அன்று மாலை கற்றது இன்றுவரை மறக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகத்தில் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைக் கலக்கும்.

சாம்பியன் ரீஃப்பின் ஆழம் பற்றிச் சொன்னேனே, அதற்குத் திரும்பவேண்டியிருக்கிறது. லேப்பை வீட்டு இணையத்தோடு இணைக்காதீர்கள், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. நீங்கள் பழகுவதற்காக ஒரு டி.எச்.சி.பி. சர்வர் போடுவீர்கள். அது வீட்டு வைஃபையோடு ஒரே கேபிளில் இருந்தால், முகவரி கேட்டு வரும் அப்பாவின் போனுக்கு வீட்டு ரவுட்டரும் பதில் சொல்லும், உங்கள் லேப்பும் பதில் சொல்லும். யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுத்த முகவரிதான் நிற்கும். லேப் முந்தினால் போன் இணையத்துக்கு வழியில்லாத முட்டுச்சந்தில் நிற்கும், அம்மாவின் சீரியல் பாதியில் சுற்றும், பழி உங்கள் படிப்பின் மேல் விழும். ஒரு வீட்டில் படிப்பு தொடர்ந்து நடக்க வேண்டுமானால் அந்தப் பழி விழாமல் பார்த்துக்கொள்வது தேர்வுப் பாடத்தைவிட முக்கியம்.

கரண்ட் போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்விட்சும் ரவுட்டரும் நீங்கள் தட்டச்சு செய்யும் கட்டளையை உடனே நடைமுறைப்படுத்தும், ஆனால் வி.லேன் பட்டியல் தவிர மற்றதெல்லாம் நினைவகத்தில் மட்டும். சேமி என்று தனியாகச் சொன்னால்தான் அது நிலைக்கும். மூன்று மணி நேரம் கட்டியதெல்லாம் கரண்ட் போன நொடியில் காற்றாகப் போவது ஒவ்வொருவருக்கும் ஒரு முறை நடக்கும். நல்ல யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான், பெரும்பாலும் வேலைக்குப் போன இடத்தில்தான், கற்கிறார்கள். இதே குணத்தைத் திருப்பியும் பயன்படுத்தலாம். எதையாவது தாறுமாறாக மாற்றி வழி தெரியாமல் மாட்டிக்கொண்டால், சேமிக்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய நிலைக்கு வந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, டம்ப்ஸைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. தேர்வில் வந்த கேள்விகள் என்று கைமாறும் பி.டி.எஃப்.கள் ஊரெல்லாம் இருக்கின்றன. அவை தேர்வு ஒப்பந்தத்துக்கு விரோதமானவை, பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். அந்த நியாயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் லாபக் கணக்காகவே பார்த்தாலும் அவை பயனில்லை. பெங்களூரில் நேர்முகத் தேர்வு நடத்துகிறவர் கேட்பது "ஓ.எஸ்.பி.எஃப். டெட் டைமர் எவ்வளவு?" என்ற கேள்வியோடு நிற்காது. "நீ கடைசியாகத் தீர்த்த சிக்கலைச் சொல்லு" என்பார். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் விழிப்பது அங்கேதான். லேப் வைத்திருந்தவருக்குச் சொல்லக் கதை இருக்கும்.

கணினியே இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, தனியாள் பதில் அதற்கு இல்லை. நாலு பேர் சேர்ந்து இரண்டு ஸ்விட்சும் ஒரு பழைய கணினியும் வாங்கலாம். இடம்தான் பிரச்சினை. இந்த ஊரில் ஒவ்வொரு லைனிலும் ஏதாவது ஒரு சங்கக் கட்டடம், மன்றம், சர்ச் கூடம், பௌத்த சங்கத்தின் அறை, எதுவாவது மாலையில் பூட்டிக் கிடக்கிறது. மைன்ஸ் இருந்த காலத்தில் படிப்பகமும் இரவுப் பள்ளியும் நடந்த மரபு இங்கே உண்டு. ஒரு மேசை, இரண்டு பிளக் பாயின்ட், சாவி வைத்திருக்கும் ஒரு பொறுப்பான ஆள். நகராட்சி நூலகம் ஒரு மூலையைக் கொடுத்தால் இன்னும் நல்லது. சுரங்கத்தைத் திரும்பத் திறப்பார்களா என்று இருபது வருடத்துக்கு மேலாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு, இந்த மேசைக்கு ஒரு மனுக் கொடுப்பது பெரிய வேலையில்லை.

எந்த லேப்பாக இருந்தாலும், பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கட்டும். கட்டியதை எழுத வேண்டாம், அதைக் கான்ஃபிக் கோப்பே சொல்லும். உடைத்ததை எழுதுங்கள். இப்படி:

செவ்வாய், இரவு 9.14. இரண்டு ஸ்விட்சுக்கும் நடுவில் கேபிள் பிடுங்கினேன். பிங் போச்சு. ரவுட்டரில் இன்டர்ஃபேஸ் அப் என்றுதான் காட்டியது. 36 விநாடி கழித்து மைசூர் மைன்ஸ் வழியாகப் பதில் வந்தது. ஹலோ நிற்கும்வரை அதற்குத் தெரியாது.

நாளைக்கு: ஹலோவை 1 விநாடியாக்கிப் பார்க்க. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?